கல் குவாரியிலிருந்து ஆற்றைப் பாதுகாத்தல்



"அபிவிருத்தியும் சுற்றாடலும்" என்று வினா வந்தால், "மரம் நடுவோம், ஆறுகளைக் காப்போம்" என்று எழுதி முடிப்பவர்கள் பலர். அதற்குப் புள்ளி குறைவு. யாருக்கு நன்மை, யாருக்கு நட்டம், எந்தக் கட்டத்தில் தடுக்கலாம் ஆகிய மூன்றையும் எழுதுங்கள். எமது ஊவா மாகாணத்தை வைத்தே இதைப் படிப்போம்.

1. ஆறு தரும் வருமானம்

பதுளை ஓயா மகாவலியின் கிளையாறு. பதுளை நகருக்கு அண்மையில் அது சுமார் 64 மீற்றர் உயரத்திலிருந்து துன்ஹிந்த நீர்வீழ்ச்சியாக விழுகிறது. எல்லவிலுள்ள இராவணன் நீர்வீழ்ச்சியும் கொஸ்லந்தைக்கு அருகிலுள்ள தியலுமவும் கிரிந்தி ஓயா வடிநிலத்தைச் சேர்ந்தவை. இவற்றைப் பார்க்க வருவோரால் விடுதி ஊழியர், முச்சக்கரவண்டிச் சாரதி, வழிகாட்டி, பாதையோரம் பழம் விற்பவர் எனப் பலர் வாழ்கின்றனர். தோட்டத்து இளைஞர்களும் இதில் தொழில் பெறுகின்றனர். அதே நீரே கீழே வயலுக்கும் மரக்கறிச் செய்கைக்கும் பாய்கிறது.

2. குவாரியால் ஏற்படும் பாதிப்பு

வீதிக்கும் வீட்டுக்கும் கருங்கல்லும் சல்லியும் தேவை. கல்லுடைத்துப் பிழைப்பவர்களும் எம்மவர்களே. ஆகவே "குவாரியே வேண்டாம்" என்பது நல்ல விடையாகாது. ஆனால் இடமும் முறையும் தவறினால்:

(அ) மேல்மண் அகற்றப்பட்ட இடத்திலிருந்து மழைநீரோடு மண்ணும் கற்றூளும் ஆற்றில் சேரும்.
(ஆ) கலங்கிய நீரில் ஒளி புகாது; நீர்த்தாவரங்கள் குன்றும். கற்களுக்கிடையே மீன்கள் இடும் முட்டைகளைச் சேறு மூடும்.
(இ) வெடி அதிர்வினால் அருகிலுள்ள சுவர்கள் பிளக்கலாம். ஊற்றுகள் பாதை மாறலாம். பீலித் தண்ணீரை நம்பியிருக்கும் லயன் குடும்பங்களுக்கு இது பேரிழப்பு.
(ஈ) சேற்று நீரையும் தூசியையும் காணும் உல்லாசப் பயணி மறுமுறை வரமாட்டார்.

கவனிக்க: கல் விற்ற பணம் ஓரிடத்தில் சேர்கிறது, நட்டமோ ஆற்றின் கீழ்ப்பகுதி மக்களைச் சேர்கிறது.

3. இரு உதாரணங்கள்

இவை கல் குவாரிகள் அல்ல. ஆயினும் நிலத்தைத் தோண்டினால் நீருக்கு என்ன நேரும் என்பதைக் காட்டுகின்றன.

உமா ஓயா: 2014 டிசம்பரில் இத்திட்டத்தின் சுரங்கப்பாதைக்குள் நிலத்தடி நீர் பெருமளவில் பாய்ந்தது. அதன்பின் பண்டாரவளைப் பகுதியில் கிணறுகளும் ஊற்றுகளும் வற்றின, வீடுகள் வெடித்தன. 2017 ஜூனில் மக்கள் பண்டாரவளையில் திரண்டு எதிர்ப்புத் தெரிவித்தனர். 120 மெகாவாற்றுத் திட்டம் 2024 ஏப்ரலில் திறந்து வைக்கப்பட்டது. மின்சாரம் கிடைத்தது, ஆனால் வற்றிய கிணற்றுக்கு நட்டஈடு ஈடாகுமா?

எப்பாவல: அநுராதபுர மாவட்டத்தின் பொசுபேற்றுப் படிவை ஒரு கம்பனி பெருமளவில் அகழ்வதற்கு உடன்படிக்கை தயாரானது. வயல்களும், பழைமையான ஜய கங்கைக் கால்வாயும் பாதிக்கப்படும் என்று அவ்வூரார் எழுவர் உயர் நீதிமன்றம் சென்றனர். முறையான ஆய்வும் சுற்றாடல் தாக்க மதிப்பீடும் இன்றி உடன்படிக்கை செய்யக்கூடாது என 2000 ஜூனில் தீர்ப்பாயிற்று.

முன்னதில் மக்கள் சேதத்தின் பின் குரல் எழுப்பினர். பின்னதில் சேதத்தின் முன். இந்த வேறுபாடே இப்பாடத்தின் மையம்.

4. சட்டப் பாதுகாப்பு

• 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டம். இதை மத்திய சுற்றாடல் அதிகாரசபை நடைமுறைப்படுத்துகிறது.
• 1988 ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம். குறித்துரைக்கப்பட்ட திட்டங்களுக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டை இது கட்டாயமாக்கியது. அவ்வறிக்கை பற்றிப் பொதுமக்கள் 30 நாட்களுக்குள் கருத்துக் கூறலாம்.
• 1992 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்க சுரங்கங்கள், கனிப்பொருட்கள் சட்டம். கல் அகழ்வதற்கு இதன்கீழ் அனுமதிப்பத்திரம் பெறவேண்டும்.

5. மாதிரி வினா

"கல் அகழ்வும் சுற்றுலாவும் ஒரே பிரதேசத்தில் நிலைக்க முடியுமா? ஆராய்க."

விடைக்குறிப்பு:
• கல்லின் தேவையையும் தொழில்வாய்ப்பையும் முதலில் ஏற்றுக்கொள்க.
• நீருக்கும் வருமானத்துக்கும் வரும் பாதிப்பைக் காரணம், விளைவு என எழுதுக.
• தீர்வுகள்: ஆற்றங்கரையிலிருந்து போதிய இடைவெளி, கழிவுநீர் தெளியத் தொட்டி, தூசி பறக்காமல் நீர் தெளித்தல், வெடி வைக்கும் நேரத்தை முன்னறிவித்தல், அகழ்ந்த குழியை நிரப்பி மரம் நடுதல்.
• உமா ஓயா, எப்பாவல இரண்டையும் ஒப்பிட்டு முடிக்க.

பயிற்சி: உங்கள் வீட்டுக்கு வரும் தண்ணீர் எந்த ஊற்றிலிருந்து, எந்த ஓடை வழியே வருகிறது? வரைபடம் வரைந்து, அதன் மேற்பகுதியில் நடைபெறும் தொழில்களைக் குறியுங்கள். பரீட்சையில் எழுதச் சொந்த உதாரணம் ஒன்று கிடைக்கும். ஊரில் ஒரு விண்ணப்பம் எழுத நேர்ந்தாலும் அது உதவும்.