பயனர் கணக்கை விரிவாக்கும் முறைகள்

(மூன்றாமாண்டு, கணிப்பொறி அறிவியல்)

இணையச் செயலி ஒன்றை அமைப்போர் முதலில் விடை காண வேண்டிய வினா, ‘உள்ளே நுழைபவர் யார்?’ என்பதாகும். அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில், லாரன்ஸ் நகரச் செய்தித்தாள் நிறுவனம் ஒன்றில் உருவாகி 2005ஆம் ஆண்டு பொதுவெளிக்கு வந்த ‘ஜாங்கோ’ என்னும் பைத்தான் கட்டமைப்பு, இதற்கென ‘யூசர்’ என்ற ஆயத்த மாதிரியைத் தருகிறது. பயனர் பெயர், கடவுச்சொல், மின்னஞ்சல், முதற்பெயர், இறுதிப்பெயர், சேர்ந்த நாள் முதலிய புலங்கள் அதில் அடங்கும்.

இவை நமக்குப் போதுமா? போதா. தமிழ்நாட்டில் நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தே தலைப்பெழுத்தாக முன்னிற்கிறது. அதனை இறுதிப்பெயர்ப் புலத்தில் இட்டால், ‘கே. முருகன்’ என்பவர் ‘முருகன் கே’ ஆகிவிடுவார். மேலும், கல்லூரிக்கான செயலியில் பதிவெண், துறை போன்றவையும் வேண்டும். எனவே மாதிரியை விரிவாக்குதல் இன்றியமையாததாகிறது. அதற்குரிய மூன்று வழிகளைக் காண்போம்.

1. தனி அட்டவணை: யூசர் அட்டவணையைத் தொடாமல், கூடுதல் விவரங்களை வேறோர் அட்டவணையில் வைத்து, ‘ஒன்றுக்கு ஒன்று’ என்ற உறவால் இணைப்பது. சேர்க்கைப் பதிவேட்டைத் திருத்தாமல், அதன் எண்ணைக் குறித்து மற்றொரு பதிவேடு எழுதுவது போன்றது இது. ஒரு கணக்கிற்கு விவர வரிசை உருவாக்கப்படாதிருந்தால், அதைத் தேடும்போது பிழை எழும் என்பதை மறத்தலாகாது.

2. ‘அப்ஸ்ட்ராக்ட்யூசர்’: ஆயத்தப் புலங்கள் அனைத்தையும் மரபுரிமையாகப் பெற்று, நம் புலங்களையும் அதே அட்டவணையில் சேர்ப்பது. தலைப்பெழுத்துக்கென ஒரு புலம் சேர்த்து, முழுப்பெயர் தரும் செயற்கூற்றை மாற்றி எழுதினால் முருகனின் பெயர் சீராகும்.

3. ‘அப்ஸ்ட்ராக்ட்பேஸ்யூசர்’: கடவுச்சொல், இறுதியாக நுழைந்த நேரம் ஆகிய புலங்களை மட்டும் பெற்று, ஏனையவற்றை நாமே வரையறுப்பது. பயனர் பெயருக்கு மாற்றாகப் பதிவெண்ணையே நுழைவு அடையாளமாக்க விரும்புவோர்க்கு இது ஏற்றது. உழைப்பும் இதில்தான் மிகுதி.

பின்னிரண்டு வழிகளும் 2013இல் வெளிவந்த 1.5ஆம் பதிப்பு முதல் கிடைக்கின்றன. அவற்றைக் கையாள்வோர் எது பயனர் மாதிரி என்பதை அமைப்புக் கோப்பில் அறிவித்தல் வேண்டும். அவ்வறிவிப்பு, தரவுத்தளத்தில் அட்டவணைகளை முதன்முறை உருவாக்குவதற்கு முன்பே நிகழவேண்டும். ஏனெனில், பிற அட்டவணைகள் பலவும் பயனர் அட்டவணையைச் சுட்டி நிற்பவை. தரவுகள் நிறைந்தபின் அதனை மாற்றுவது, வீடு கட்டிக் குடிபுகுந்தபின் கடைக்காலைப் பெயர்ப்பதற்கு ஒப்பாகும். புதிய திட்டங்களில் ஆயத்த மாதிரியே போதும் எனத் தோன்றினாலும், தனி மாதிரி ஒன்றை அமைத்துக்கொள்ளும்படி ஜாங்கோவின் ஆவணமே அறிவுறுத்தி வந்துள்ளது.

என் கருத்து இது: நுழைவுக்கும் அடையாளத்திற்கும் வேண்டியவை கணக்கில் இருக்கட்டும், துறை, முகவரி போன்ற மாறும் விவரங்கள் தனி அட்டவணைக்குச் செல்லட்டும். செயலி எழுதப் புகும் மாணவ நண்பர்கள், முதல் நாளிலேயே இவ்வெல்லையை வகுத்துக்கொள்வார்களாக. ஒருவருடைய பெயரை அவர் எழுதும் முறையிலேயே ஏற்றுக்கொள்வது, நல்ல செயலிக்கு முதல் இலக்கணம் அன்றோ!