பழைய ஜாப், புது மெஷின்: பிளேஸ்டேஷன் டிஸ்க் பிஎஸ்பி-யில் ஓடுவது எப்படி?



எங்கள் வீட்டில் டிப்ளமோ வரை வந்தது நான்தான் முதல். ஆகவே நான் எதைக் கழற்றினாலும் "படிப்புக்குத்தான்" என்று அம்மா நம்பிவிடுவார். இன்பிளாண்ட் டிரெயினிங் பணத்தில் செகண்ட்-ஹேண்ட் பிஎஸ்பி வாங்கி வந்தபோதும் அப்படியே நம்பினார். அதனால் அதை வைத்து ஏதாவது படித்தே ஆகவேண்டிய கட்டாயம்!

மாமா பையன் பெங்களூரில் வேலைக்குப் போன புதிதில் வாங்கிய பிளேஸ்டேஷன் எங்களிடம் இருந்தது. லென்ஸ் நகரும் பகுதி தேய்ந்து, கடைசியில் பெட்டியைக் கவிழ்த்து வைத்தால்தான் டிஸ்க்கைப் படிக்கும். (உலகம் முழுக்கச் செய்த வைத்தியம் இது.) பிறகு அதுவும் நின்றது. மிஞ்சியது ஒரே ஒரு கார் ரேஸ் டிஸ்க், அதிலும் லேபிள் பக்கம் கீறல் விழ ஆரம்பித்திருந்தது. அடிப்பக்கக் கீறலைப் பாலிஷ் போட்டுத் தேற்றலாம். லேபிளுக்கு அடியில்தான் அலுமினியப் படலம் இருக்கிறது. அங்கே உரிந்தால் தகவலே போச்சு. எனவே அவசரம்.

1994-இல் வந்த பிளேஸ்டேஷனின் சிபியு 33.8688 மெகாஹெர்ட்ஸ், மெமரி 2 எம்பி. 2004-இல் வந்த பிஎஸ்பி 333 மெகாஹெர்ட்ஸ் வரை போகும், மெமரி 32 எம்பி. வேகத்தைவிட முக்கியமான விஷயம், இரண்டும் மிப்ஸ் என்ற ஒரே சிபியு குடும்பம். கட்டளைகளின் மொழி ஏறக்குறைய ஒன்றே. பழைய கிராஃபிக்ஸ், சவுண்ட் சிப்களைப் போல நடிக்கத்தான் மென்பொருள் வேண்டும். அதைச் சோனியே பிஎஸ்பி-க்குள் வைத்திருக்கிறது, பெயர் பாப்ஸ். ஆனால் சோனி கையெழுத்திட்ட ஃபைலைத்தான் அது திறக்கும். நம் டிஸ்க்கிலிருந்து செய்த ஃபைல் ஓட, கஸ்டம் ஃபர்ம்வேர் ஏற்றவேண்டும். ஏற்றும்போது சார்ஜரைப் பிடுங்காதீர்கள், பாதியில் நின்றால் செட் வெறும் செங்கல்.

லேத் ஆபரேட்டரான அப்பாவிடம் இதைச் சொன்னேன். "ஜாப் பழசு, மெஷின் புதுசு. அப்ப புரோகிராமை மாத்தணுமில்லடா?" என்றார். "இல்லப்பா, புரோகிராம் அதேதான், பிடிக்கிற ஃபிக்ஸ்சரைத்தான் மாத்தறோம்" என்றேன்.

இனி நான் செய்த தவறு. நண்பன் வீட்டுக் கம்ப்யூட்டரில் டிஸ்க்கை ஐஎஸ்ஓ ஃபைலாக எடுத்து, ஈபூட் ஃபைலாக மாற்றி ஏற்றினேன். கார் ஓடியது, பாட்டைக் காணோம்! ஆரம்பப் படமும் உடைந்து உடைந்து வந்தது. இரண்டு நாள் பிஎஸ்பி-யைத் திட்டினேன். குற்றம் என் மேல்.

சிடியின் ஒரு செக்டர் 2352 பைட். சாதாரண டேட்டாவில் 2048 பைட்தான் சரக்கு. மீதி 304 பைட் அடையாளமும் பிழைதிருத்தமும். ஐஎஸ்ஓ அந்த 2048-ஐ மட்டும் எடுக்கும். ஆனால் பிளேஸ்டேஷன் டிஸ்க்கில் படமும் ஒலியும் கலந்து வரும் இடங்களில் ஒலி செக்டரின் சரக்கு 2324 பைட், அதாவது செக்டருக்கு 276 பைட் வெட்டுப்பட்டுவிடும். பாட்டு டிராக்கில் 2352-மே ஒலி. வினாடிக்கு 75 செக்டர், பெருக்கினால் 1,76,400 பைட். அந்த டிராக்குகள் ஐஎஸ்ஓ-வில் வரவே வராது. ஆகவே பின், கியூ என்ற இரட்டை ஃபைலாக எடுக்கவேண்டும். கியூ என்பது எந்த டிராக் எங்கே தொடங்குகிறது என்ற சின்னக் குறிப்பு. ஐரோப்பாவில் விற்ற சில டிஸ்க்குகளில் லிப்கிரிப்ட் என்ற பூட்டும் உண்டு. அதன் சாவி சப்-சேனலில் இருப்பதால் பின், கியூவிலும் வராது, தனியாகச் சரிக்கட்டவேண்டும். நல்லவேளை, என் டிஸ்க்கில் அது இல்லை.

ஒரு கடைக்காரர் "எதுக்குத் தம்பி இந்தக் கஷ்டம்? நூறு கேம் போட்ட கார்டு தரேன்" என்றார். 2012-இல் காப்புரிமைச் சட்டத்தில் சேர்ந்த 65-ஏ பிரிவின்படி, உரிமையை மீறும் எண்ணத்தோடு பூட்டை உடைத்தால் இரண்டு ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. என்னுடையது காசு கொடுத்து வாங்கிய டிஸ்க்கைக் காப்பாற்றும் வேலை, அவருடையது விற்பனை. இரண்டும் ஒன்றல்ல என்பது என் கருத்து. கார்டை வாங்கவில்லை.

மறுபடி எடுத்தபோது கீறல் இடத்தில் டிரைவ் வெகுநேரம் முனகியது. மூன்றாம் முறைதான் முழுசாக வந்தது. அன்றிரவு பாட்டோடு கார் ஓடியது. அப்பா ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு, "ஸ்டியரிங் பிளே அதிகம்" என்றார்.