முப்பத்தாறாவது ஆள்

அன்புள்ள கண்மணிக்கு,

பள்ளி மலையேற்ற முகாமில் உன்னைக் குழுத்தலைவி ஆக்கியிருக்கிறார்கள் என்ற செய்தி மகிழ்ச்சி தந்தது. "பொம்பளைப் பிள்ளைக்கு மலை எதுக்கு?" என்று உறவினர் ஒருவர் கேட்டதை நினைத்து வருந்தாதே. ஜப்பானின் ஜுன்கோ தபெய் அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டேதான் எவரெஸ்ட் வரை போனார்.

பத்து வயதில் ஆசிரியருடன் நாசு மலையில் ஏறியபோது அவருக்கு மலைமேல் ஆசை பிறந்தது. பின்னாளில், ஆண்கள் நிறைந்த சங்கங்களில் சிலர் அவரோடு ஏற மறுத்தார்கள். 1969இல் பெண்களுக்கென்றே ஒரு சங்கம் தொடங்கினார். மறு ஆண்டே அன்னபூர்ணா 3 சிகரத்தைத் தொட்டார்.

எவரெஸ்ட் பயணத்துக்குப் பணம் கேட்டுப் போன இடங்களில், "வீட்டில் பிள்ளையை வளருங்கள்" என்றார்கள். ஒரு நாளிதழும் ஒரு தொலைக்காட்சி நிறுவனமும் கைகொடுத்தன. மீதிச் செலவைப் பெண்களே பகிர்ந்துகொண்டார்கள். தபெய் பியானோ சொல்லிக்கொடுத்துக் காசு சேர்த்தார்; கார் இருக்கை உறையை வெட்டிக் கையுறை தைத்தார். சின்னஞ்சிறு மகளைக் கணவர் பார்த்துக்கொண்டார்.

1975 மே 4 அன்று, 6,300 மீட்டர் உயரத்தில் இருந்த முகாமைப் பனிச்சரிவு மூடியது. நினைவிழந்து புதைந்து கிடந்தவரை ஷெர்பாக்கள் இழுத்துக் காப்பாற்றினார்கள். பன்னிரண்டாம் நாள், மே 16 அன்று, ஆங் செரிங் ஷெர்பாவுடன் அவர் உச்சியில் நின்றார். எவரெஸ்ட் ஏறிய முதல் பெண் அவர்தான்.

இன்னொரு பெயரையும் நீ நினைவில் வைக்க வேண்டும்: எய்கோ ஹிசானோ. பதினைந்து பெண்கள் கொண்ட அந்தக் குழுவுக்கு அவர்தான் தலைவி, தபெய் துணைத்தலைவி. இரண்டு பெண்களை உச்சிக்கு அனுப்புவதாக முதலில் திட்டம். ஷெர்பாக்கள் சிலர் உயர நோயால் தளர்ந்ததால், இருவருக்கு வேண்டிய ஆக்ஸிஜன் உருளைகளைச் சுமக்க முடியவில்லை. ஒருவர்தான் போகலாம் என்ற நிலையில் ஹிசானோ, தபெயைப் போகச் சொன்னார். தலைமை என்றால் என்ன என்று யாராவது கேட்டால், எனக்கு அந்த முடிவுதான் நினைவுக்கு வரும்.

தபெயோ, எவரெஸ்ட் ஏறிய முப்பத்தாறாவது ஆள் என்று அறியப்படவே விரும்பினார். மலைக்கு ஆண் பெண் கணக்கு இல்லை என்பது ஏறியவருக்குத் தெரியும்.

நீயும் போய் வா, கண்ணே. முகாமில் மெதுவாக நடக்கும் பிள்ளை ஒருத்தி இருப்பாள். அவள் நடைக்குக் குழுவின் நடையைக் குறைத்துக்கொள். எல்லோரையும் மேலே கொண்டு சேர்.

அன்புடன்,
உன் அத்தை