மே வெயிலையும் நவம்பர் மழையையும் தாங்கும் மலர்ச்செடிகள்

புதுவீடு கட்டிக் குடிபுகுந்ததும் முற்றத்தில் ஒரு பூந்தோட்டம் அமைக்க நம்மில் பலரும் விரும்புகிறோம். நாற்றுப்பண்ணைக்குச் செல்கிறோம், அன்று பூத்துக் குலுங்கும் செடிகளைக் கண்டு மயங்கி வாங்கி வருகிறோம். கோடை வெயிலில் பாதிச் செடிகள் கருகுகின்றன. எஞ்சியவற்றுள் பல ஐப்பசி மழையில் வேரழுகி மடிகின்றன. மறு ஆண்டு மீண்டும் அதே செலவு. இதற்குக் காரணம் நமது கைராசி அன்று. தேர்வில் நேரும் பிழையே. ஒருமுறை நட்டால் பல்லாண்டு நிலைத்துப் பூக்கும் செடிகளையும் கிழங்குகளையும் தேர்ந்து வளர்க்கும் முறையை, ஆந்திர மாநிலத்து வரதய்யபாளையத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இங்குக் காண்போம்.

இரண்டு வினாக்கள்

முன்பு சித்தூர் மாவட்டத்திலிருந்த வரதய்யபாளையம், 2022 ஏப்ரல் முதல் திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்தது. தமிழக எல்லைக்கு அருகிலுள்ள இவ்வூர்ப் பக்கம் உப்பலமடுகு அருவி வீழும் குன்றுகள் உள்ளன; வங்கக் கடலும் வெகுதொலைவில் இல்லை. மார்ச் முதல் ஜூன் வரை கடும் வெயில். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, சில ஆண்டுகளில் புயலும். எனவே எந்தச் செடியை வாங்குமுன்னும் நாம் கேட்கவேண்டிய வினாக்கள் இரண்டு: இது மே மாத வெயிலைத் தாங்குமா? நவம்பரில் தேங்கும் நீரைத் தாங்குமா?

துலிப் மலரை எடுத்துக்கொள்வோம். அதன் கிழங்கு பூப்பதற்குப் பல வாரக் கடுங்குளிர் தேவை. ஸ்ரீநகரில் அது இயல்பாகப் பூக்கும்; நம் சமவெளியில் பூக்காது. அழகிய படத்தைக் கண்டு அஞ்சலில் வரவழைக்கும் துலிப் கிழங்கு, பெரும்பாலும் வீண்செலவாகவே முடியும்.

நிலத்தடியில் சேமிக்கும் கிழங்குகள்

நமக்கேற்ற கிழங்கு வகைகள் வேறு உள்ளன. முதலாவது நிலச்சம்பங்கி. மெக்சிகோவைத் தாயகமாகக் கொண்ட இது, நம் மண்ணில் நன்கு ஊன்றிவிட்டது. பெங்களூரை அடுத்த ஹெசரகட்டாவிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட ‘பிரஜ்வல்’ ஓரடுக்கு இதழ்களும், ‘சுவாசினி’ பல அடுக்கு இதழ்களும் கொண்டவை. மணத்தை விரும்புவோர்க்கு ஓரடுக்கு வகையே சிறந்தது. 25 முதல் 30 கிராம் எடையுள்ள கிழங்குகளை ஜூன், ஜூலையில், வரிசைக்கு வரிசை 45 செ.மீ., கிழங்குக்குக் கிழங்கு 20 செ.மீ. இடைவெளியில் நடலாம். மூன்றாம் ஆண்டு முடிவில் தோண்டிப் பிரித்தால், ஒரு தாய்க்கிழங்கைச் சுற்றிப் பல சேய்க்கிழங்குகள் திரண்டிருக்கக் காணலாம். வட்டியும் முதலும் சேர்ந்து வளர்வது போன்றது இது!

நல்ல மழை பெய்த சில நாள்களில் திடீரெனப் பூக்கும் மழை லில்லி, ஈரம் மிகுந்த மூலைக்கு ஏற்ற கல்வாழை ஆகியனவும் நம்பத்தக்கவை. கோடையில் மழை லில்லியின் இலைகள் வாடினால் செடி செத்ததென்று பிடுங்கிவிடக் கூடாது. கிழங்கு உறங்குகிறது; மழை வந்ததும் எழும்.

கிழங்குகளுக்குப் பெரும்பகை தேங்கும் நீர். ஆகவே பாத்தியை 15 முதல் 20 செ.மீ. உயர்த்தி அமைக்க வேண்டும். செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மட்கிய எரு ஒரு பங்கு எனக் கலந்த மண் போதுமானது.

புதர்ச்செடிகள்

நந்தியாவட்டை, செம்பருத்தி, இட்லிப்பூ, காகிதப்பூ, மல்லிகை ஆகியவை தோட்டத்தின் நிலையான உறுப்பினர்கள். ஒவ்வொன்றின் இயல்பும் வேறு. காகிதப்பூவுக்கு நீர் மிகுந்தால் இலையே தழைக்கும். சற்று வாடவிட்டு நீர் ஊற்றினால்தான் நிறம் கொழிக்கும். இட்லிப்பூ புளிப்புத்தன்மையுள்ள மண்ணை விரும்புவது. ஆழ்துளைக் கிணற்று நீரில் சுண்ணாம்பு மிகுந்தால் அதன் இளம் இலைகள் வெளிறும். மழைநீரைச் சேமித்து ஊற்றுவதும் மட்கிய இலை எரு இடுவதும் நலம். குண்டுமல்லியை நவம்பர் இறுதியில் தரையிலிருந்து 50 செ.மீ. உயரத்தில் கவாத்து செய்தால், மார்ச் முதல் அரும்பு கட்டும்.

எல்லைப்புறத்தில் வாழ்வோர் பெயர்க் குழப்பத்தையும் கவனிக்க வேண்டும். தமிழில் மந்தாரை என்பது வேறு மரம். தெலுங்கில் ‘மந்தாரம்’ என்றால் செம்பருத்தி. நாம் இட்லிப்பூ என்பதைத் தெலுங்கில் ‘நூறு வராகங்கள்’ என்று பொன் நாணயத்தின் பெயரால் அழைக்கின்றனர். பெயரை மட்டும் சொல்லாமல், பூவையும் காட்டி வாங்குவதே பாதுகாப்பு.

வாங்கும்போதும் நடும்போதும்

பூ நிறைந்த செடியைவிட, புதுத்தளிரும் உறுதியான தண்டும் உள்ள செடியே மேலானது. பையின் அடியில் வேர்கள் சுருண்டு நெருங்கியிருந்தால் தவிர்க்கலாம். கோதாவரிக் கரையிலுள்ள கடியம் நாற்றுப்பண்ணைகளிலிருந்து வரும் செடிகள் பல களிமண் உருண்டையோடு வருகின்றன. அவ்வுருண்டையை அப்படியே செம்மண்ணில் புதைத்தால், ஊற்றும் நீர் சுற்றிலும் வழிந்தோட, வேரைச் சுற்றிய களி வறண்டே கிடக்கும். நடுமுன் உருண்டையை நீரில் நன்கு ஊறவைத்து, மேற்புறத்தை விரலால் மெல்லத் தளர்த்திவிட வேண்டும்.

குழி ஒன்றரை அடி நீளம், அகலம், ஆழம் கொண்டதாக இருக்கட்டும். ஜூலை முதல் செப்டம்பர் வரை நடுவது சிறப்பு. பருவமழைக்குமுன் வேர் பிடித்துவிடும். புயற்காற்றில் சாயாதிருக்க முட்டுக்கொம்பு தேவை. கோடையில் நாள்தோறும் சிறிது தெளிப்பதைவிட, வேர்ப்பிடித்த செடிகளுக்கு வாரம் இருமுறை ஆழமாக ஊற்றி, தூரைச் சுற்றிச் சருகு பரப்புவது நல்லது.

மறவாதிருக்க வேண்டியது

அழகுச்செடிகளுள் சில உயிர்க்கொல்லிகள். அரளியின் எல்லாப் பகுதிகளும் நஞ்சு. தமிழ்நாட்டின் மாநில மலராகிய செங்காந்தளின் கிழங்கு, உண்ணும் கிழங்கைப் போன்றே தோன்றும். அதிலுள்ள கோல்கிசின் உயிரைப் பறிக்கவல்லது. சிறுவரும் ஆடுமாடுகளும் நடமாடும் வீடுகளில் இவ்விரண்டையும் வளர்க்காதிருப்பதே நன்று. கவாத்து செய்த அரளிக் கிளைகளைக் கால்நடைகள் எட்டும் இடத்தில் எறியலாகாது.

நிறைவாக ஒரு சொல். பணம் செலவிடுமுன் வரும் மே மாதத்தில் ஒருநாள் மாலை நமது தெருவில் நடந்து பார்ப்போம். எந்த வீட்டு முற்றத்தில் எந்தச் செடி வாடாமல் நிற்கிறதோ, அதுவே நம் வீட்டுக்கும் உரியது. செம்பருத்தி, நந்தியாவட்டை, காகிதப்பூ ஆகிய மூன்றும் தண்டுக்குச்சியிலிருந்தே வளர்பவை. அவ்வீட்டாரிடம் கேட்டால், மழைக்காலத்தில் ஒரு குச்சி தர மறுக்கமாட்டார்கள்.