அந்தக் காலை அவருக்கே காட்டு

நரம்பியல் படிக்க வந்திருக்கும் தம்பிக்கு,

கால் வரவில்லை என்று வருபவரிடம் எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு, "எல்லாம் நார்மல், டென்ஷன்தான்" என்று அனுப்பிவிடாதே. நடக்க முடியாமல் வந்தவர் நடக்க முடியாமலேயே திரும்புகிறார். போதாததற்கு, நடிக்கிறார் என்ற பழியும் வீடு வரை கூடப் போகிறது.

இப்படி வருபவருக்கு இருக்கக்கூடிய செயல்சார் இயக்கக் கோளாறு என்பது மற்ற நோய்களையெல்லாம் கழித்த பிறகு மிஞ்சுவது அல்ல. அதற்கென்றே அடையாளங்கள் உண்டு. அவற்றை நீ கைவைத்துத் தேட வேண்டும்.

வலது கால் பலவீனம் என்பவரைப் படுக்கவைத்து, அந்தக் குதிகாலுக்கடியில் உன் கையை வை. கீழே அழுத்தச் சொல், அழுத்தம் வராது. இனி இடது காலைத் தூக்கச் சொல்லி, அதை மறுகையால் தடு. அவர் கவனம் இடது காலுக்குப் போனதும், வலது குதிகால் உன் உள்ளங்கையை நன்றாகவே அழுத்தும். மருத்துவர் சார்லஸ் ஹூவர் 1908-இல் விவரித்த சோதனை இது. இன்றும் இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். நடுக்கமென்றால், நடுங்காத கையால் உன் தாளத்துக்குத் தட்டச் சொல்லி, வேகத்தை மாற்றிக்கொண்டே இரு. செயல்சார் நடுக்கம் நின்றுபோகும், இல்லையேல் உன் தாளத்துக்கே மாறும். சிலருக்கு நல்ல கையே தடுமாறும். பார்க்கின்சன் நடுக்கம் தன் வேகத்திலேயே ஓடும்.

ஒரே அடையாளத்தை வைத்து முடிவு கட்டாதே. இடுப்பு வலி ஹூவர் சோதனையை ஏமாற்றும். பார்க்கின்சனும் செயல்சார் கோளாறும் ஒருவரிடமே சேர்ந்திருப்பதும் உண்டு.

"வீட்டில் என்ன பிரச்சினை?" என்று முதலிலேயே துருவாதே. நோயைத் தீர்மானிக்க மன அழுத்தக் காரணம் இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனையை, மனநோய்களை வகைப்படுத்தும் கையேடான டி.எஸ்.எம்.-5 2013-இலேயே நீக்கிவிட்டது. மனநிலை பற்றிக் கேள், எந்த நோயாளியிடமும் கேட்பதுபோல.

கண்டதை மறைக்காதே. இதுதான் நான் உன்னிடம் முக்கியமாகக் கேட்பது. நரம்பியல் மருத்துவர்களான எடின்பரோவின் ஜான் ஸ்டோனும் லண்டனின் மார்க் எட்வர்ட்ஸும் 2012-இல் இதையே எழுதினார்கள். கணவரையோ மகனையோ உள்ளே அழைத்து, அவர்கள் முன்னால் சோதனையை மறுபடி செய். "பாருங்கம்மா, நீங்க முயற்சி பண்ணி அழுத்தும்போது வராத பலம், கவனம் அந்தப் பக்கம் போனதும் தானா வருது. நரம்பு நல்லா இருக்கு. மூளை காலை இயக்கற விதத்துலதான் கோளாறு. இது நிஜமான நோய், சரியாக வாய்ப்பிருக்கு." இதை நீ நம்பிச் சொல்ல வேண்டும், நம்பாமல் சொன்னால் அவருக்குத் தெரிந்துவிடும்.

பிறகு இயன்முறை மருத்துவரிடம் நீயே பேசு. காலை உற்றுப் பார்த்துச் செய்யும் பயிற்சி இங்கே எதிராகவே போகும்; கவனத்தை வேறெங்காவது வைத்து நடக்கப் பழக்க வேண்டும். சீட்டில் நோயின் பெயரைத் தெளிவாக எழுது. உன்னிடமே திரும்பி வர ஒரு தேதியும் கொடு.

அன்புடன்,
உன் மூத்த மருத்துவர்