கறுப்பும் சிவப்பும் ஒரே மண்தான்



ஆடி மாதம் வந்தால் நம்ம பெரியபாளையத்தில் எத்தனை பொங்கப் பானைகள் அடுப்பேறும் என்று உங்களுக்குத் தெரியும். ஆரணி ஆற்றங்கரையில் மூன்று கல் வைத்து, விறகு மூட்டி, பவானி அம்மனுக்குப் பொங்கல் வைப்பார்கள். இறக்கும்போது பானையின் அடி கறுத்துப் போயிருக்கும். அது புகைக்கரி. சாம்பலும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்த்தால் போய்விடும்.

போன வருஷம் ஒரு குழுக் கூட்டத்துக்கு நம் உறுப்பினர் ஒருவர் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஓட்டுச்சில்லைக் கொண்டுவந்தார். வாய்க்கால் மண் எடுத்த இடத்தில் கிடைத்ததாம். வெளிப்பக்கம் நல்ல சிவப்பு, உள்பக்கம் மை மாதிரி கறுப்பு. "சபீனா போட்டுத் தேய்ச்சேங்க்கா, கறுப்பு போகவே மாட்டேங்குது. சோறு தீஞ்சு போன சட்டியா இருக்குமோ?" என்றார். எல்லோரும் சிரித்தோம். பதில் சொல்லத்தான் ஒருவருக்கும் தெரியவில்லை. அதனால் இந்த மாதப் பாடம் அந்தச் சில்லைப் பற்றியது.

அது தீய்ந்த சட்டி இல்லை. வேண்டுமென்றே இரண்டு நிறத்தில் சுட்டது. தொல்லியல் படித்தவர்கள் இதற்குக் கறுப்பு சிவப்புப் பானை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வண்ணம் எதுவும் பூசுவதில்லை. களிமண்ணில் இரும்புச் சத்து இருக்கிறது. சுடும்போது நன்றாகக் காற்றுப் பட்டால் அந்த இரும்பு துருவைப் போலச் சிவக்கும். காற்று படாமல் புகைக்குள்ளேயே வெந்தால் கறுக்கும். சூளையில் பானையைக் கவிழ்த்து வைத்து, உள்ளே வைக்கோல், உமி போன்றதை அடைத்துச் சுட்டிருப்பார்கள் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். காற்றுப் போகாத உள்பக்கமும் வாய் விளிம்பும் கறுப்பாகின்றன. தீயும் காற்றும் பட்ட வெளிப்பக்கம் சிவப்பாகிறது. பிறகு கூழாங்கல்லால் தேய்த்தது போன்ற வழவழப்பும் இருக்கும்.

இதைப் பார்க்கத் தூரம் போக வேண்டியதில்லை. நம் திருவள்ளூர் மாவட்டத்திலேயே பட்டறைப்பெரும்புதூரில் 2015-16இல் தமிழ்நாடு தொல்லியல் துறை அகழாய்வு செய்தது. இந்தக் கறுப்பு சிவப்புப் பானை ஓடுகள் அங்கே கிடைத்தன. சுடுமண் வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டிய உறைகிணறும் கிடைத்தது. நாம் இன்றைக்கு சிமெண்ட் உறை இறக்குகிறோமே, அதே யோசனைதான்.

இந்த நெருப்பு வித்தை நமக்கு மட்டும் தெரிந்ததில்லை. கடலுக்கு அந்தப் பக்கம் கிரேக்க நாட்டில், ஏதென்ஸ் என்ற ஊரில், சுமார் 2500 வருஷத்துக்கு முன்பு குயவர்கள் இதையே இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனார்கள். பானையின் மேல் கறுப்பிலும் சிவப்பிலும் ஆட்களையே எழுதினார்கள். அவர்களும் தனியாக ஒரு சாயம் வாங்கவில்லை. அரிசி கழுவின தண்ணீர் போல, களிமண்ணைக் கரைத்துத் தெளியவைத்து, மிக நைசான கரைசலை எடுத்து அதைக்கொண்டே வரைந்தார்கள்.

சூளையில் மூன்று கட்டம். முதலில் காற்றைத் திறந்துவிட்டுச் சுட்டால் பானை முழுக்கச் சிவப்பு. அடுத்து காற்றுத் துவாரத்தை மூடி, பச்சை விறகைப் போட்டால் பானை முழுக்கக் கறுப்பு. அந்தச் சூட்டில், ஏறக்குறைய 900 டிகிரி, வரைந்த இடம் மட்டும் உருகிக் கண்ணாடி போல இறுகிவிடும். மூன்றாவதாக மறுபடி காற்றைத் திறந்தால், மற்ற இடமெல்லாம் சிவப்புக்குத் திரும்பும். இறுகிப்போன இடத்துக்குள் காற்று நுழையாது. அது கறுப்பாகவே நின்றுவிடும். முதலில் கறுப்பு உருவங்களை வரைந்தார்கள். கி.மு. 530 வாக்கில் தலைகீழாக மாற்றி, பின்னணியைக் கறுப்பாக்கி உருவங்களைச் சிவப்பாக விட்டார்கள்.

இவற்றில் பல வீட்டுச் சாமான்கள் என்பதைத்தான் கவனிக்க வேண்டும். பெண்கள் நகையும் அலங்காரப் பொருளும் வைத்துக்கொள்ள மூடியோடு சின்ன வட்டப் பேழை இருந்தது. கம்பளி நூலுக்குப் பஞ்சைத் திரிக்கும்போது தொடைமேல் மாட்டிக்கொள்ள, பாதியாகப் பிளந்த குழாய் மாதிரி ஒரு சுடுமண் உறை. அதன் மேல்பக்கத்தில் கம்பளியைத் தேய்க்க மீன் செதில் மாதிரி சொரசொரப்பு, ஓரத்தில் பெண்கள் நூல் வேலை செய்யும் படம். தண்ணீர்க் குடத்துக்கு மூன்று கைப்பிடி: தூக்க இரண்டு, சாய்த்து ஊற்றப் பின்னால் ஒன்று. அந்தக் குடத்தின் மேலேயே, பெண்கள் ஊற்றடியில் நின்று தண்ணீர் பிடிப்பதை வரைந்திருக்கிறார்கள். நிறைகுடத்தைத் தலையில் நிமிர்த்தி வைத்திருக்கிறார்கள். காலிக் குடத்தைப் படுக்க வைத்துக்கொண்டு வரிசைக்கு வருகிறார்கள். அங்கேயும் குழாயடியில் ஒரே பேச்சுதான் போலிருக்கிறது!

இரண்டு நாட்டுக்கும் நடுவே கப்பலும் ஓடியது. புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில், கிரேக்கத் தீவான கோஸிலிருந்து மது வந்த இரட்டைக் கைப்பிடி ஜாடிகளின் உடைந்த துண்டுகள் கிடைத்திருக்கின்றன. 1945இல் அங்கே தோண்டிய வீலர் என்ற ஆங்கிலேய அறிஞர், இன்னொரு வகைத் தட்டையும் பார்த்தார். தட்டின் உள்ளே வட்ட வட்டமாகப் புள்ளிக் கோலம், மெல்லிய வேலைப்பாடு. இவ்வளவு நேர்த்தியானது மேற்கேயிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்று எழுதினார். பிறகு வந்தவர்கள் அந்த மண்ணையே பரிசோதித்துப் பார்த்தார்கள். தட்டு இந்திய மண்ணில் செய்தது. நம் வீட்டுப் பொருளைப் பார்த்து "ஃபாரின் மாதிரி இருக்கே" என்று நாமும்தான் சொல்கிறோம், அவரை மட்டும் சொல்வானேன்?

சிவகங்கை மாவட்டம் கீழடிக்கு வருவோம். அங்கே நூல் நூற்கும் தக்களியில் மாட்டும் சுடுமண் வட்டு, சுடுமண் காதணி, விளையாட்டுச் சில்லு எல்லாம் கிடைத்தன. தமிழ் எழுத்து கீறிய பானை ஓடுகள் 56 என்று 2019இல் தமிழ்நாடு தொல்லியல் துறை வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. கையெழுத்து ஒன்றுபோல் ஒன்று இல்லை. அதனால் பலரும் எழுதத் தெரிந்தவர்கள் என்று கணிக்கிறார்கள். ஆதன் என்று ஒரு பெயர் இருக்கிறது. இது என் பானை என்று கீறி வைத்திருப்பார்கள் போலும். நாம் சீர்ப் பாத்திரத்தில் பெயர் வெட்டுகிற மாதிரி.

இங்கேதான் எனக்கு ஒன்று உறுத்தியது. ஆதன் என்பது ஆண் பெயர். அந்தப் பானையில் சோறு பொங்கியவள் பெயர் என்ன? ஏதென்ஸ் குடங்கள் சிலவற்றில் தண்ணீர் எடுக்கும் பெண்களுக்குப் பக்கத்திலேயே அவர்கள் பெயரையும் எழுதியிருக்கிறார்கள். எங்கள் வீட்டு அண்டா, தவலையை இறக்கிப் பார்த்தேன். என் அப்பா பெயர் இருக்கிறது, வீட்டுக்காரர் பெயர் இருக்கிறது. என் பெயர் ஒரு டம்ளரில் இருக்கிறது; அதுவும் குழுவில் பரிசாகக் கொடுத்தது.

சரி, கைக்கு உதவுகிற விஷயம் ஒன்று. சுடுமண் நகை செய்யும் உறுப்பினர்கள் கறுப்பு மணிக்கு பெயிண்ட் அடிக்கிறீர்கள். வியர்வையில் உரிகிறது என்று வாடிக்கையாளர் குறை சொல்கிறார். ஒரு தடவை சுட்ட மணிகளை மூடியுள்ள தகர டப்பாவில் உமியோடு அடுக்கி, சந்து இல்லாமல் மண் பூசி, மறுபடி சுட்டுப் பாருங்கள். நன்றாக ஆறிய பிறகே திறக்க வேண்டும். சூட்டோடு திறந்தால் காற்றுப் பட்டு மறுபடி சிவந்துவிடும். முதலில் பத்து மணியில் பழகுங்கள். உத்தரப்பிரதேசத்தில் நிஜாமாபாத் குயவர்கள் இப்படிப் புகையில் சுட்ட கறுப்புப் பானைகளையே விற்றுப் பிழைக்கிறார்கள்; அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது.

ஏரி, வாய்க்கால் வேலையில் இப்படிச் சில்லோ, முழுத் தாழியோ தென்பட்டால் மண்வெட்டியை நிறுத்துங்கள். கழுவாதீர்கள், சபீனாவும் வேண்டாம். எழுத்து கீறியிருந்தால் தேய்ந்துவிடும். எந்த இடத்தில், எவ்வளவு ஆழத்தில் என்று குறித்து, கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லுங்கள். இடம் தெரியாத ஓட்டைப் பார்த்து ஆய்வாளரால் அதிகம் சொல்ல முடியாது. நம் சில்லுக்கும் அந்தக் கதிதான்: எங்கே கிடைத்தது என்று கேட்டபோது, "அந்த வாய்க்கால்லதாங்க்கா, எங்கேன்னு ஞாபகம் இல்லை" என்றார்.

அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து பெயர் வெட்டிய பாத்திரம் ஒன்று கொண்டுவாருங்கள். யார் பெயர், யார் வெட்டச் சொன்னது, எந்த வருஷம் என்று பேசுவோம். பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதியும் வைப்போம்.