மாசி, பங்குனியில் மலையேறக் கிளம்புகிறவர்களுக்கு

சனிக்கிழமை சாயங்காலம் திருச்சி புத்தூர் நாலு ரோட்டு டீக்கடையில் முதுகுப்பையோடு நாலைந்து பையன்கள் நின்றால், பச்சமலைக்கோ கொல்லிமலைக்கோ கிளம்பியாயிற்று என்று அர்த்தம். குழுமாயி அம்மனுக்குக் குட்டிகுடித் திருவிழா நடக்கிற இந்த மாசியிலிருந்து, கோடை மழை இரண்டு மூன்று நன்றாக இறங்கும் வரைக்கும் அந்தப் பையைப் பரணில் ஏற்றி வையுங்கள். இது காட்டுத்தீக் காலம்.

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. தேனி மாவட்டம் குரங்கணியில், கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுக்களைத் தீ மடக்கியது. 23 பேர் இறந்தார்கள். சரிவெல்லாம் காய்ந்த எலுமிச்சைப் புல். அதைக் கசக்கினால் வாசம் வருமே, அந்த வாசமே எண்ணெய்தான்.

வீட்டு முற்றத்திலேயே ஒன்று செய்து பாருங்கள். தீக்குச்சியைக் கொளுத்தி, எரிகிற முனையை மேலே பார்த்துப் பிடித்தால் சுடர் நிதானமாக இறங்கும். அதே முனையைக் கீழே சாய்த்தால் விறுவிறுவென்று ஏறி விரலைச் சுடும். மலைச்சரிவும் அப்படித்தான். பகல் ஏற ஏறக் காற்றும் சரிவில் மேல்நோக்கி வீசும். அதனால்தான் காட்டுத்தீ ஏறுகிற வேகத்துக்கு மனிதக் கால்களால் ஈடுகொடுக்க முடிவதில்லை.

போயே ஆகவேண்டும் என்றால் முதலில் வனத்துறை அனுமதி. குரங்கணிக்குப் பிறகு 2018-லேயே மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்துவிட்டன. அரசின் ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் 40 தடங்கள் இருக்கின்றன. ஆனால் 2025-இல் தீ அபாயம் கருதிப் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை மலையேற்றத்தை நிறுத்தி வைத்தார்கள். இந்த வருஷ நிலவரத்தை அவர்கள் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். தெரிந்த அண்ணன் ஒருவர் குறுக்குவழியில் கூட்டிப்போகிறார் என்றால் மறுத்துவிடுங்கள்.

விடிகாலையில் ஏறி, வெயில் உறைக்குமுன் இறங்கிவிட வேண்டும். முழுக்கைப் பருத்திச் சட்டை போடுங்கள்; நைலான், பாலியெஸ்டர் சூட்டில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். ஓடையை நம்பாமல் தண்ணீரைத் தூக்கிக்கொண்டே போங்கள். அடுப்பு, பீடி, சிகரெட், வழியோரக் கற்பூரம் எதுவும் கூடாது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பைக்கை ஓரங்கட்டிப் புகை பிடிக்கிற கனவான்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

புகை தெரிந்தால் வீடியோ எடுக்க நிற்காதீர்கள். காற்று எந்தப் பக்கம் என்று பாருங்கள். தீ கீழே இருந்தால் மேலே ஓடாதீர்கள், பக்கவாட்டில் விலகி இறங்குங்கள். ஓடைப் பள்ளத்துக்குள் போகக் கூடாது. அது புகைபோக்கி மாதிரி அனலை இழுக்கும். வெறும் பாறை, மண்தரை, ஏற்கெனவே எரிந்து கருகி ஆறின இடம், இவைதான் புகலிடம். திசைக்கு ஒருவராகச் சிதறாதீர்கள். வேறு வழியே இல்லையென்றால் புல்லில்லாத தரையில் குப்புறப் படுத்து, பருத்தித் துணியால் முகத்தை மூடிக்கொள்ளுங்கள்.

உதவிக்கு 112, தீயணைப்புக்கு 101, ஆம்புலன்ஸுக்கு 108. மலையில் பல இடங்களில் டவர் கிடைக்காது. எந்தத் தடம், எத்தனை பேர், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வீட்டில் எழுதி வைத்துவிட்டே கிளம்புங்கள்.

ஐப்பசி மழைக்குப் பிறகு கொல்லிமலை ஆகாய கங்கையில் தண்ணீர் கொட்டும். கோடை மழைக்குப் பிறகு பரணிலிருந்து இறக்கிய பையோடு அப்போது போய்ப் பார்க்கலாம்.